போனையும் அணைக்க வேண்டாம், அடுப்பையும் அணைக்க வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. மலருக்காக அவரே எழுதிக் கொடுத்தார்.)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். குழுக் கூட்டத்தில் சத்தமாப் பேசுவேன், ஆனா மைக் முன்னாடி நிற்பது இதுதான் முதல் தடவை. தப்பு வந்தா பொறுத்துக்கோங்க.

தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீ கேக்கு, பிஸ்கட்டு செஞ்சு முன்னேறின கதையைச் சொல்லு" என்றார்கள். நான் சொன்னேன், "அக்கா, கேக்கை மட்டும் சொன்னா அது பாதிக் கதைதான். எனக்கு வந்த போனைப் பத்தியும் பேச விடுவீங்களா?" அக்கா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம், "பேசு, எல்லாருக்கும் அது தேவைதான்" என்றார்கள். அதனால் இரண்டையும் பேசுகிறேன்.

எங்க ஊரு கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. எங்க பக்கம் தின்பண்டம்னா கடலைமிட்டாயும் காராச்சேவும்தான். கேக்கு என்பது பிறந்தநாளுக்கு டவுனில் வாங்குவது. மூணு வருஷத்துக்கு முன்னால் என் மகன் பிறந்தநாளுக்கு வாங்கின கேக்கு, வெட்டும்போதே புளிச்ச வாடை வந்தது. பிள்ளை முகம் வாடிப் போச்சு. அன்னைக்கு ராத்திரி நினைச்சேன், முறுக்குச் சுடத் தெரிந்தவளுக்கு இது வராதான்னு.

முதலில் குக்கரில்தான் செய்தேன். அடியில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, விசிலும் ரப்பரும் கழற்றிவிட்டு அதற்குள் கேக்குப் பாத்திரத்தை வைப்பது. மூணு தடவை அடி கருகிப் போச்சு. எங்க அத்தை, "கோழிக்குப் போடு, அதுவும் திங்காது" என்றார்கள். நாலாவது தடவை நல்லா வந்தது. எங்க வீட்டுக்காரங்க டவுனில் ஒரு அலுவலகத்தில் உதவியாளரா இருக்காங்க. தூக்குச்சட்டியில் வச்சு அங்கே கொண்டு போனாங்க. சாயங்காலம் காலிச் சட்டியோட வந்து, "எல்லாரும் கேட்டாங்க, அடுத்து எப்பன்னு" என்றார்கள். என் வியாபாரம் அந்தத் தூக்குச்சட்டியில்தான் ஆரம்பிச்சது.

அப்புறம் மகளிர் திட்டம் மூலமா பேக்கரிப் பொருள் செய்ய இலவசப் பயிற்சிக்குப் போனேன். குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அதில் ஓவன், பீட்டர், எடை மெஷின், தட்டுகள் எல்லாம் வாங்கினேன். உணவுப் பாதுகாப்புப் பதிவும் கம்ப்யூட்டர் சென்டரில் போய்ச் செய்தேன். சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு நான் எடுத்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். பயந்துக்கிட்டு எடுக்காம இருக்காதீங்க.

அலுவலகத்துக்காரங்களுக்கு என்ன பிடிக்கும்னு பார்த்தேன். கிரீம் கேக்கு இல்லை. பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு வரப்போகுதோன்னு பயம். பதினொரு மணி டீக்குக் கடிச்சுக்கிற மாதிரி ஒண்ணுதான் கேட்டாங்க. நம்ம காட்டில் விளைகிற கம்பை எடுத்தேன். கம்பு மாவு 150 கிராம், கோதுமை மாவு 100 கிராம், வெண்ணெய் 125, நாட்டுச்சர்க்கரை 125, அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். கம்பு மாவை வாசம் வரும் வரை வறுத்து ஆற வைக்கணும். ஓவனைப் பத்து நிமிஷம் முன்னாலேயே சூடாக்கி, 170 டிகிரியில் பதினெட்டு இருபது நிமிஷம். முப்பது பிஸ்கட்டுக்கு மேலே வரும். சூட்டோட தொட்டால் உடையும், தட்டிலேயே ஆற விட்டால் மொறுமொறுன்னு ஆகும்.

ஒரு விஷயம் கவனிச்சுக்கோங்க. கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும். மொத்தமா அரைச்சு வைக்காதீங்க. நான் வாராவாரம்தான் அரைப்பேன். நாட்டுச்சர்க்கரை என்பதால் சர்க்கரை வியாதிக்கு நல்லதுன்னும் சொல்லி விற்காதீங்க. நான் கேட்டவங்ககிட்ட, "இதுலயும் இனிப்பு இருக்கு சார், ரெண்டுக்கு மேல திங்காதீங்க" என்றுதான் சொல்வேன். அதனாலேயே நம்பி வாங்கினாங்க.

ஒரு வருஷத்தில் மாசம் ஏழாயிரம், எட்டாயிரத்துக்கு விற்பனை வந்தது. செலவு போக மூவாயிரம் நிற்கும். மூவாயிரம் பெரிய தொகை இல்லைன்னு சிலருக்குத் தோணும். என் மகள் டியூஷன் பீஸை யார்கிட்டேயும் கேக்காம நானே எடுத்துக் கொடுத்தேன். அது எனக்குப் பெரிசுதான்.

சரி, இனி போன் கதைக்கு வருகிறேன்.

பொட்டலத்தின் மேல் செய்கிறவர் பெயர், முகவரி, புகார் சொல்ல ஒரு போன் நம்பர் எல்லாம் இருக்கணும் என்பது விதி. நான் என் பேரையும், கையில் இருந்த ஒரே நம்பரையும் ஸ்டிக்கரில் அடிச்சேன். அந்த நம்பர்தான் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கும், பேங்குக்கும், அம்மா வீட்டுக்கும். அந்த நம்பர் நான் பார்க்காத மேஜைக்கெல்லாம் போச்சு. வியாபாரம்னா அப்படித்தானே போகணும்.

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு மிஸ்டு கால். யாரோ ஆர்டருக்குன்னு நினைச்சுக் காலையில் நானே திரும்பக் கூப்பிட்டேன். "கேக்கு கிடைக்குமா?" என்றது ஒரு ஆண் குரல். "எத்தனை கிலோ சார்?" என்றேன். "நீங்களே கொண்டுவந்து குடுப்பீங்களா?" என்றார். "எங்க வீட்டுக்காரங்க கொண்டு வருவாங்க" என்றேன். சிரிச்சுட்டு வச்சுட்டார். அதில் தப்பா எதுவும் இல்லையேன்னு விட்டுட்டேன்.

அடுத்த ராத்திரியும் வந்தது. அப்புறம் தினமும் வந்தது. "சாப்டாச்சா?", "குரல் நல்லா இருக்கே", "தூங்கலையா?" அதுக்கு அப்புறம் அவர் பேசினதை இந்த மேடையில் சொல்ல முடியாது. நான் வச்சுடுவேன். திரும்ப அடிக்கும். நம்பரை பிளாக் பண்ணினேன். ரெண்டு நாள் சும்மா இருந்தது. மூணாவது நாள் வேற நம்பரில் அதே குரல். வாட்ஸப்பில் படம் அனுப்பினார். அதைப் பார்த்து எனக்குக் கை நடுங்கிப் போச்சு. உடனே அழிச்சுட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. ஏன்னு பின்னால் சொல்கிறேன்.

நான் யார்கிட்டேயும் சொல்லவில்லை. ஏன் சொல்லலைன்னு இப்ப யோசிச்சாக்கூட எனக்குக் கோவம் வருது. கெட்ட வார்த்தை பேசினது அவன். வெட்கப்பட்டது நான். வீட்டுக்காரங்ககிட்ட சொன்னா, "நீ சிரிச்சுப் பேசியிருப்ப" என்பாங்களோன்னு பயம். அத்தைகிட்ட சொன்னா அடுப்பை மூடச் சொல்வாங்களோன்னு பயம். குழுவில் சொன்னா ஊருக்குத் தெரிஞ்சிரும்னு பயம்.

அதனால் ஒரு வழி கண்டுபிடிச்சேன். சாயங்காலம் ஆறு மணியானா போனை அணைச்சு அரிசிப் பானைக்குள்ள வச்சிருவேன். கெட்டிக்காரத்தனம்னு நினைச்சேன். ஒரு வாரத்தில் அதுக்கு விலை கொடுத்தேன். ஒருத்தர் பணி நிறைவு விழாவுக்கு மூணு கிலோ கேக்கும் அறுபது பேருக்குப் பிஸ்கட்டும் வேணும்னு ராத்திரி ஏழு மணியில் இருந்து கூப்பிட்டிருக்காங்க. போன் அணைஞ்சு கிடந்தது. மறுநாள் அவசரம், வேற இடத்தில் வாங்கிட்டாங்க. என் மாசத் தவணைக்கு மேலேயே அதில் கிடைச்சிருக்கும். அந்த மாசம் தவணைக்கு எங்க அத்தையோட சுருக்குப்பையில் கை வச்சேன். தவணை கட்டாம நின்னா அது என் பணம் மட்டும் இல்லையே. பதினாலு பேர் சேமிப்பு அது.

போன் போனால் வியாபாரம் போகும், வியாபாரம் போனால் தவணை போகும், தவணை போனால் குழுவில் பேர் போகும். முகம் தெரியாத ஒருத்தன் ராத்திரி பத்து நிமிஷம் விளையாடுறதுக்கு இத்தனையும் போகுது.

அப்பவும் நான் சொல்லலை. சொல்ல வச்சது என் மகள்தான். எட்டாவது படிக்கிறாள். என் கை மாவாக இருக்கும்போது அவள்தான் போனை எடுத்து ஆர்டரை நோட்டில் எழுதுவாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது, எடுத்தாள். பேசிட்டு வந்து என்கிட்ட கேட்டாள், "அம்மா, யாரோ ஒரு மாமா, அப்பா எத்தன மணிக்கு வருவாங்க, அம்மா தனியாவா இருக்காங்கன்னு கேட்டாரு. எதுக்கும்மா கேக்காரு?"

தட்டில் இருந்த பிஸ்கட்டை ஓவனில் வைக்கவும் மறந்து அப்படியே உட்கார்ந்துட்டேன். என்னோட வாயை மூடினா என்னோட போயிரும்னு நினைச்சிருந்தேன். அது என் பிள்ளை காதுவரைக்கும் வந்திருச்சு.

அந்த வாரம் குழுக் கூட்டம். வரவு செலவு எல்லாம் வாசிச்சு முடிச்ச பிறகு, ஊக்குனர் அக்கா, "வேற எதாவது இருக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டாங்க. நான் எழுந்து சொல்லிட்டேன். சொல்லும்போதே அழுதுட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. ஒரு அக்கா, "நம்பரை மாத்திட்டுப் பேசாம இரு, பொம்பளைக்கு எதுக்கு வம்பு" என்றார்கள். அவங்க என் நல்லதுக்குத்தான் சொன்னாங்க.

அப்போ எங்க குழுவிலேயே மூத்தவங்க, கை நாட்டுதான், எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க சொன்னாங்க, "களவாணி வந்தா நாமளா வீட்டை விட்டு ஓடுறது? நாயி குலைச்சா தெருவை மாத்துவியா?" என்று. அப்புறம் எல்லாரையும் பார்த்துக் கேட்டாங்க, "இந்த மாதிரி போனு இங்க வேற யாருக்கெல்லாம் வந்திருக்கு? மனசைத் தொட்டுச் சொல்லுங்க." முதலில் ஒரு கை உயர்ந்தது. அப்புறம் இன்னொண்ணு. கடைசியில் பதினாலு பேரில் ஆறு பேர். நம்பரை மாத்தச் சொன்ன அக்காவும் அந்த ஆறில் ஒருத்தர். அவங்க ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதனாலேயே போனே வேண்டாம்னு வச்சுட்டாங்களாம். நாங்க எல்லாரும் அவங்களுக்குப் போன் பேசப் பிடிக்காதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம்.

அன்னைக்குக் கூட்ட நோட்டில் அதைத் தீர்மானமாகவே எழுதினோம். உறுப்பினருக்குத் தொல்லை போன் வருகிறது, குழு கூட நிற்கும் என்று. பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டாங்க, அந்த மூத்த அம்மா கை நாட்டு வச்சாங்க. அந்த நோட்டைப் பார்த்தப்பதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்தது வீட்டில் சொல்லணும். ஊக்குனர் அக்காவும் கூட வந்தாங்க. எங்க வீட்டுக்காரங்களுக்கு முதலில் வந்தது என் மேலதான் கோவம். "எத்தன நாளா நடக்கு? ஏன் சொல்லல? நாளையில இருந்து அடுப்பை மூடு" என்றார்கள். ஊக்குனர் அக்கா அமைதியாச் சொன்னாங்க, "தம்பி, சொன்னா இப்படித்தான் சொல்லுவீங்கன்னுதான் அவ சொல்லல." அவங்க அதுக்குப் பதில் பேசலை.

அன்னைக்கு ராத்திரியும் போன் வந்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன். ஊக்குனர் அக்கா சொல்லிக் கொடுத்திருந்த மாதிரி, பக்கத்தில் இன்னொரு போனில் பதிவு பண்ணினோம். "உங்ககிட்ட பேச எனக்கு இஷ்டமில்லை. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க" என்று ஒரே தடவை தெளிவாச் சொன்னேன். அந்த ஆள் சிரிச்சுப் பேசினார். நான் எங்க வீட்டுக்காரங்க முகத்தைப் பார்த்தேன். கோவம் இருக்கும்னு நினைச்சேன். அந்த முகம் வெளிறிப் போயிருந்தது.

அந்தக் குரல் அவங்களுக்குத் தெரிஞ்ச குரல்.

யார்னு நான் சொல்லப் போறதில்லை. இப்ப வழக்கு நடந்துக்கிட்டு இருக்கு, அதனால் சொல்லவும் கூடாது. நான் செய்த பிஸ்கட்டைத் தின்னவர், எங்க வீட்டுக்காரங்க தினமும் டீ வாங்கிட்டுப் போய்க் கொடுத்தவர், அது மட்டும் போதும். அந்த ராத்திரி அவங்க சாப்பிடலை. திண்ணையில் உட்கார்ந்து, "அந்த ஆளுக்கு நான் தினமும் டீ வாங்கிக் குடுக்கேன்" என்று ரெண்டு மூணு தடவை சொன்னாங்க. அவங்க வேலை நிரந்தரம் இல்லை. ஒரு வார்த்தையில் நிறுத்திரலாம். அதனால், "விட்டுருவமா?" என்று அவங்களே கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. விடியக்காலம் அவங்களே எழுந்து வந்து, "பிள்ளகிட்ட பேசியிருக்கான். வா, போவோம்" என்றார்கள். அந்த வார்த்தைக்காக இத்தனை பேர் முன்னால் அவங்களுக்கு நன்றி சொல்லிக்கிறேன்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு நாங்க அஞ்சு பேர் போனோம். நான், எங்க வீட்டுக்காரங்க, ஊக்குனர் அக்கா, அந்த மூத்த அம்மா, பக்கத்து வீட்டு மைனி. வாசலில் எனக்குக் கால் கூசியது. உள்ளே இருந்த பெண் அதிகாரி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாங்க. தமிழ்நாட்டில் 1992-லேயே மகளிர் காவல் நிலையம் தொடங்கிட்டாங்கன்னு பயிற்சியில் சொல்லியிருக்காங்க. அவ்வளவு நாளா நமக்காக இருக்கிற ஒரு வாசலை மிதிக்க நமக்கு எவ்வளவு பயம் பாருங்க.

அவங்க முதலில் கேட்டது, "ஆதாரம் என்ன இருக்கு?" நான் எழுதி வச்சிருந்த நோட்டைக் கொடுத்தேன். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நம்பர், என்ன பேசினார்னு. குழுவில் சொன்ன நாளில் இருந்துதான் எழுதியிருந்தேன். பதினொரு நாளில் இருபத்திரண்டு அழைப்பு. பதிவு பண்ணின குரலும் கொடுத்தேன். "படம் அனுப்பினார்னு சொல்றீங்களே, அது எங்க?" என்றார்கள். நான் அழிச்சிருந்தேன். அதைத்தான் தப்புன்னு சொன்னேன். நல்லவேளை, அதுக்கு அப்புறமும் ரெண்டு அனுப்பியிருந்தார். அதை ஊக்குனர் அக்கா அழிக்க விடலை.

அந்த அதிகாரி சொன்ன ஒரு விஷயம் நமக்கு முக்கியம். விருப்பமில்லைன்னு ஒரு பெண் தெளிவாச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆவது பிரிவு. ஆபாசப் படம் அனுப்புவதுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் இடம் இருக்கு. அதனால் ஒரு தடவை தெளிவா, "வேண்டாம்" என்று சொல்லணும். அதுவே நமக்குச் சாட்சி. அதுக்கு மேல பேச்சுக் கொடுக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

மனுவுக்கு ரசீது வாங்கினோம். அதை வாங்காம வராதீங்க. அப்புறம் வழக்கும் பதிவாச்சு. நம்பர் யார் பேரில் இருந்தாலும் காவல்துறை கேட்டால் போன் கம்பெனி விவரம் கொடுக்கணும். நாம கேட்டா கொடுக்க மாட்டாங்க. அதனால், "நானே கண்டுபிடிக்கிறேன்" என்று இறங்காதீங்க.

அதுக்கு அப்புறம் சமாதானம் பேச ஆள் வந்தாங்க. "ஒரு குடும்பம் கெட்டுப் போகும், மன்னிப்புக் கேட்டா விட்டுருங்க" என்றார்கள். ஒருத்தர், "பிஸ்கட்டு விக்கிறவளுக்கு இவ்வளவு ரோசமா?" என்று கேட்டதாவும் காதில் விழுந்தது. எனக்கு ரெண்டு நாள் தூக்கம் இல்லை. அந்த வீட்டிலேயும் ஒரு பெண் இருக்காள், பிள்ளைகள் இருக்கு. அதை நினைச்சு மனசு கஷ்டப்பட்டது உண்மை. ஆனா அந்தக் கஷ்டத்தை உண்டாக்கினது நான் இல்லையே. "கோர்ட்டு சொல்றபடி ஆகட்டும்" என்று சொல்லிட்டேன்.

நஷ்டம் இல்லாம எல்லாம் முடிஞ்சதுன்னு பொய் சொல்ல மாட்டேன். அந்த அலுவலகத்தில் மூணு மாசம் ஆர்டர் நின்னு போச்சு. எங்க வீட்டுக்காரங்ககூட சிலர் பேசறதில்லை. அப்புறம் அங்கே வேலை பார்க்கிற ஒரு மேடம் தானே கூப்பிட்டு, "எனக்கு அரைக் கிலோ கம்பு பிஸ்கட் அனுப்பு" என்றார்கள். மறுவாரம் இன்னும் மூணு மேடம் வாங்கினாங்க. வேற ரெண்டு அலுவலகத்துக்கும் இப்போ போகுது. கடனில் இன்னும் ரெண்டு தவணைதான் பாக்கி.

இப்போ நான் எப்படிச் செய்கிறேன்னு சொல்கிறேன். வேணும்கிறவங்க எழுதிக்கோங்க.

ஒண்ணு, வியாபாரத்துக்குத் தனி நம்பர். வீட்டு நம்பர் வீட்டோட. வியாபார நம்பரைப் பேங்கில் கொடுக்கலை, பள்ளிக்கூடத்தில் கொடுக்கலை.

ரெண்டு, ஸ்டிக்கரில் என் பேர் இப்போ இல்லை. குழுவின் பேரும், கூட்டமைப்பு அலுவலக முகவரியும், வியாபார நம்பரும்தான். கூட்டமைப்பிலேயே அனுமதி கொடுத்தாங்க. உணவுப் பதிவிலும் அதுக்குத் தகுந்தபடி மாத்திக்கிட்டோம்.

மூணு, ஆர்டர் நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. ஸ்டிக்கரிலேயே அடிச்சிருக்கோம். வியாபார வாட்ஸப்பில் அதுக்கு மேல வர்ற செய்திக்குத் தானாகவே, "நாளைக் காலை பதில் வரும்" என்று போகும்படி வைக்கலாம். என் மகள்தான் வச்சுக் கொடுத்தாள். அவசர ஆர்டருக்கு எழுதி அனுப்பச் சொல்லியிருக்கேன். பணி நிறைவு விழா ஆர்டர் இனி தப்பாது.

நாலு, வாட்ஸப்பில் என் போட்டோவும் பிள்ளைங்க போட்டோவும் இருந்தது. எடுத்துட்டு பிஸ்கட் போட்டோ வச்சிருக்கேன்.

அஞ்சு, தப்பான போன் வந்தா ஒரு தடவை சொல்லு, நோட்டில் எழுது, படம் வந்தா ஸ்கிரீன்ஷாட் எடு, அழிக்காதே. அப்புறம் பிளாக் பண்ணு. அன்னைக்கே இன்னொரு ஆள்கிட்ட சொல்லு. இந்தக் கடைசிதான் முக்கியம்.

ஆறு, பிள்ளைங்ககிட்ட சொல்லி வையுங்க. வீட்டில் யார் இருக்கா, யார் இல்லைன்னு போனில் கேட்டா பதில் சொல்லக் கூடாது. "அம்மாகிட்ட கொடுக்கேன்" என்று கொண்டுவந்து கொடுத்திரணும்.

நம்பர்களையும் சொல்லிடுறேன். பெண்கள் உதவிக்கு 181, ராத்திரி பகல் எப்பவும் பேசலாம். உடனே போலீஸ் வேணும்னா 112. இன்னொரு மாதிரி போனும் வரும். உங்க கார்டு நின்னு போச்சு, கடன் பாஸாயிருச்சு, ஓ.டி.பி. சொல்லுங்கன்னு. எனக்கும் வந்தது, "மகளிர் குழுக் கடன் சாங்ஷன் ஆயிருக்கு" என்றே பேசினான். குழுக் கடன் நம்ம தீர்மான நோட்டு இல்லாம எப்படி சாங்ஷன் ஆகும்? அங்கேயே பிடிபட்டான். அப்படி ஏமாந்து பணம் போயிருச்சுன்னா உடனே 1930-க்குக் கூப்பிடணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

எங்க குழுவில் இப்போ மாசக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு கேள்வி கேட்கிறோம்: "இந்த மாசம் யாருக்காவது தொல்லை போன் வந்ததா?" கேட்கிறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஒவ்வொரு குழுவிலும் இதைக் கேட்கணும்னு கூட்டமைப்பில் தீர்மானம் போடும்படி தலைவி அக்காவை இந்த மேடையில் வச்சே கேட்டுக்கிறேன். ஏன்னா தானா வந்து சொல்றது கஷ்டம். கேட்டா சொல்லிடலாம்.

போனே வேண்டாம்னு இருந்த அந்த அக்கா போன மாசம் புதுசா ஒரு போன் வாங்கியிருக்காங்க. முதல் போன் எனக்குத்தான் பண்ணினாங்க. "கால் கிலோ பிஸ்கட்டு வேணும்டி, பேத்திக்கு" என்றார்கள். பக்கத்துத் தெருவில் இருந்துக்கிட்டு போனில் ஆர்டர். நேரா வந்து கேட்டா என்னக்கான்னு கேட்டேன். "எனக்கும் போனு பேசத் தெரியும்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்கள்.

வெளியே மேஜையில் கம்பு பிஸ்கட் வச்சிருக்கேன். ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கோங்க. வீட்டுக்கு வேணும்கிறவங்க ஸ்டிக்கரில் நம்பர் இருக்கு, கூப்பிடுங்க. ஆறு மணிக்குள்ள.